பாட்டு வாத்தியார், மெட்டுப் போடுகிறவர், நாடகக்காரர்: இந்தப் பிழைப்பைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் முப்பது வருசத்துக்குக் கிட்டப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். பள்ளிக்கூட நாடகம், ஊர் நாடகம் இரண்டுக்கும் மெட்டுப் போடுவேன், நானே மேடையேற்றவும் செய்வேன். வகுப்பு முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போது பெற்றோர் கேட்பதும், கல்லூரிப் பிள்ளைகள் போனில் கேட்பதும், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்பதும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஆளுக்கொரு பதில் சொல்லி மாட்டிக்கொள்வதைவிட எழுதி வைத்துவிடலாமே என்று உட்கார்ந்தேன்.

நீங்க உண்மையிலேயே என்ன வேலை பாக்கீக?

படிவம் எதிலாவது தொழில் என்று கேட்டால் ஆசிரியர் என்று எழுதுவேன். பகலில் பள்ளியில் இசை வகுப்பு, சாயங்காலம் வீட்டு முன்னறையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஆண்டு விழாக்கள், அந்த மூன்று மாசமும் வீட்டில் நான் சாப்பிட்டேனா தூங்கினேனா என்று யாரும் கேட்பதில்லை. மற்ற நேரத்தில் யாராவது நாடகம் எழுதிக்கொண்டு வந்தால் அதற்குப் பாட்டு.

மூன்றையும் ஒரே ஆள் செய்வதா? ஒன்றை ஒழுங்காகச் செய்தால் போதாதா?

இதைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். நம்ம சீமையில் இதை மூன்று வேலையாகப் பிரித்ததே சமீபத்தில்தான். சங்கரதாஸ் சுவாமிகள் 1867இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர், அன்றைக்கு அதெல்லாம் திருநெல்வேலி ஜில்லா (தூத்துக்குடி தனி மாவட்டம் ஆனது 1986இல்தான்). உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த மனுசன், இருபத்துநாலு வயசு வாக்கில் நாடகத்துக்கு வந்தார். வசனம் எழுதினார், பாட்டு எழுதினார், அந்தப் பாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார், யார் எங்கே நிற்க வேண்டும் எப்படித் திரும்ப வேண்டும் என்பதையும் அவரே பார்த்தார். 1918இல் மதுரையில் அவர் ஆரம்பித்த பாலர் சபையில் படித்தவர்கள்தான் டி.கே.எஸ். சகோதரர்கள். அபிமன்யு சுந்தரி நாடகத்தை அவர் ஒரே ராத்திரியில் எழுதி முடித்ததாக அந்தச் சகோதரர்களில் ஒருவரான சண்முகம் பதிவு செய்திருக்கிறார். எழுதுவது ஒரு ஆள், மெட்டு இன்னொரு ஆள், இயக்கம் மூன்றாவது ஆள் என்று இருந்திருந்தால் அந்த ராத்திரி மூன்று பேரும் டீக்கடையில் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

அவரை யாரும் இசையமைப்பாளர் என்றோ இயக்குநர் என்றோ கூப்பிடவில்லை, நாடகக் கம்பெனிகளில் அதற்கு ஒரே பெயர், வாத்தியார். இன்னும் கீழே இறங்கிப் பாருங்கள். சுடலைமாடன் கோவில் கொடையில், அதாவது திருவிழாவில், கணியான் கூத்துப் பார்த்திருப்பீர்கள், முன்னால் நின்று கதை பாடுகிறவர் அண்ணாவி. அவர்தான் பாட்டு, அவர்தான் மகுடம் என்ற தோல்கருவி அடிக்கிறவருக்குக் கண் காட்டுகிறவர், பெண் வேடக்காரர் எப்போது ஆட வேண்டும் எப்போது நிற்க வேண்டும் என்பதும் அவர் குரலில் இருக்கிறது. அண்ணாவி என்ற சொல்லுக்கே ஆசிரியர் என்றுதான் பொருள், திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அதனால் என்னிடம் கேட்டால், சொல்லிக்கொடுப்பதுதான் மரம். மெட்டும் மேடையும் அதில் கிளைப்பது. சொல்லிக்கொடுக்கப் பிடிக்காதவர் இந்தத் தொழிலுக்கு வரவே வேண்டாம், இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன்.

எங்கே போய்ப் படிக்கணும்?

திருநெல்வேலியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் எல்லாம் மூன்று வருசச் சான்றிதழ் படிப்பு. நாதசுரம், தவில், தேவாரத்துக்கு எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும், மற்றதுக்கு ஏழாம் வகுப்பு. கட்டணம் சொற்பம். ஊரில் பாதிப் பேருக்கு இது இருப்பதே தெரியாமல் மாசாமாசம் தனியாரிடம் கொட்டிக் கொடுக்கிறார்கள், என்னிடம் கொடுப்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதற்கு மேலே மதுரை, திருவையாறு, சென்னையில் அரசு இசைக் கல்லூரிகள்.

நாடகத்துக்குப் புதுச்சேரிப் பல்கலைக்கழகம். அங்குள்ள நிகழ்கலைப் பள்ளிக்கே சங்கரதாஸ் சுவாமிகள் பெயர்தான், அவர் 1922இல் காலமானதும் புதுச்சேரியில்தான். தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகத் துறை உண்டு. டெல்லி தேசிய நாடகப் பள்ளி கிடைத்தால் யோசிக்காமல் போங்கள். நாங்குநேரியில் பிறந்த சே. ராமானுஜம் அங்கே படித்துவிட்டு வந்தவர்தான், அவரைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் துறை இருக்கிறது. பாட்டுக்காரர் அங்கே எதற்குப் போக வேண்டும் என்று கேட்காதீர்கள். வில்லுப்பாட்டு, கணியான் கூத்து எல்லாம் காதால் கேட்டதோடு நிற்காமல் அது ஏன் அப்படி அமைந்திருக்கிறது என்று யோசிக்க ஆரம்பித்தது எனக்கு அந்த மாதிரி ஆட்களோடு பழகியபிறகுதான்.

கீபோர்டு கிரேடு எட்டு முடித்துவிட்டால் போதுமா?

நொட்டேஷன் பார்த்து வாசிக்க வரும், விரல் ஓடும். ரொம்ப நல்லது. ஆனால் ஒரு பிள்ளை பயந்துபோய் அரைக் கட்டை (சுருதியைக் கட்டைக் கணக்கில்தான் சொல்வோம்) மேலே ஏறிப் பாட ஆரம்பித்துவிட்டால், நீங்களும் சத்தமில்லாமல் அங்கே போய் அதோடு சேர்ந்துகொள்ள வேண்டும். அதற்குக் கிரேடு கிடையாது.

என் மகனுக்கு எட்டு வயசு, அருமையாகப் பாடுகிறான். டிவி போட்டிக்குத் தயார் செய்வீர்களா?

செய்ய மாட்டேன். பாட்டு சொல்லிக்கொடுப்பேன், போட்டிக்குப் போவது உங்கள் இஷ்டம். ஏன் என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் நான் பெற்றோரோடு அதிகமாக மனஸ்தாபப்பட்டிருக்கிறேன்.

பையன்களையே வைத்து நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனிக் காலத்தில் அவர்கள் பயந்த ஒரே வார்த்தை மகரக்கட்டு. பதின்மூன்று பதினாலு வயசில் குரல் உடையும். நேற்று வரை கணீரென்று மேல் சட்ஜத்தில் (மேல் 'ஸ') நின்றவன் இன்று வாயைத் திறந்தால் தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி இருக்கும். குரல்வளை வளர்கிறது, குரல் நாண் நீண்டு தடிக்கிறது, அவ்வளவுதான் விஷயம். ஆனால் பாட்டை வைத்துச் சோறு தின்ற பையனுக்கு அது வேலை போன மாதிரி. ராஜபார்ட்டாக, அதாவது கதாநாயகனாக, இருந்தவன் வசனமே இல்லாத சேவகன் வேஷத்துக்கு இறங்கினான், சிலர் அதோடு ஊருக்குப் போனார்கள்.

இன்றைக்கும் அதே கூத்து வேறு மாதிரி நடக்கிறது. ஒன்பது வயசில் டிவியில் பாடி, ஊர் முழுக்க பிளெக்ஸ் வைத்து, பதினாலில் குரல் உடையும்போது அந்தப் பிள்ளைக்கு யாருமே இது வரும், போகும் என்று சொல்லியிருப்பதில்லை. அப்பா கத்துகிறார், பையன் இன்னும் கத்திப் பாடுகிறான், தொண்டை புண்ணாகிறது. என்னிடம் அப்படி வந்த பையன் ஒருவனை ஒரு வருசம் மேல் ஸ்தாயிப் பக்கமே போக விடவில்லை. மிருதங்கத்தில் சொற்கட்டு, தாளம், நாடகத்தில் லைட் போடும் வேலை என்று வைத்திருந்தேன். அவன் அப்பா இரண்டு தடவை வந்து, வாத்தியாருக்குக் கூலி கொடுத்து என் பிள்ளையை வயர் இழுக்க விட்டிருக்கேன் என்று தெருவில் நின்று பேசிவிட்டுப் போனார். குரல் அடங்கி வந்தபோது அவனுக்கு ஒன்றரைக் கட்டையில் அருமையான சாரீரம். இப்போது அவன் லைட்டும் போடுவான்.

பெண் பிள்ளைகளுக்கும் குரல் மாறும், இவ்வளவு ஆர்ப்பாட்டமாக இருக்காது. காற்றுச் சத்தம் கலந்து வரும், கொஞ்ச நாள் தடுமாறும். அதைப் பாட்டு மறந்துபோச்சு என்று நினைத்து வகுப்பை நிறுத்திவிடாதீர்கள்.

நாடகத்துக்கு மெட்டுப் போடுவது எப்படி? சினிமா மாதிரியா?

சினிமாவில் பாட்டுக்குத் தகுந்த மாதிரிக் காட்சியை வெட்டிக்கொள்ளலாம். மேடையில் ஆள் நடந்து வர வேண்டும். நான் முதலில் செய்வது அதைத்தான், சைடு தட்டியிலிருந்து நடுமேடைக்கு அந்தக் கதாபாத்திரம் எத்தனை அடியில் வருகிறது என்று எண்ணுவேன். கிழவி வந்தால் பன்னிரண்டு, படை வீரன் வந்தால் ஆறு. அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் முன்னிசை. இதை எண்ணாமல் வீட்டில் உட்கார்ந்து அழகாக ஒரு முன்னிசை போட்டுக்கொண்டு போய், ராஜா வந்து நின்று அரை நிமிஷம் மீசையைத் தடவிக்கொண்டிருந்த கதை எனக்கு நடந்திருக்கிறது.

அடுத்தது வரி. பாட்டு வரியை முதலில் பேசிப் பார்ப்பேன், அதுவும் நம்ம ஊர்ப் பேச்சில். நெல்லைக்காரன் பேச்சிலேயே ஒரு இழுப்பு இருக்கிறது, வாக்கியத்தின் கடைசியில் போய் நீட்டுவான். அந்த இழுப்பு விழுகிற இடத்தில்தான் தாளத்தின் சமத்தை, அதாவது முதல் தட்டை, வைக்க வேண்டும் என்று பார்ப்பேன். குறிலை நெடிலாக இழுத்துப் பாடினால் முதல் வரிசை ரசிகர் பேசாமல் இருப்பார், கடைசி வரிசைப் பாட்டி 'என்னலே சொல்லுதான்?' என்று சத்தமாகக் கேட்பாள். எனக்குப் பாட்டிதான் முக்கியம்.

அப்புறம் கட்டை. ஆண் ஒரு கட்டைக்காரர், பெண் ஐந்து கட்டைக்காரி, இருவருக்கும் தர்க்கப் பாட்டு என்றால் பழைய ஆர்மோனியக்காரர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒரு கட்டைக்காரரின் பஞ்சமம் ('ப') எதுவோ அதுதான் ஐந்து கட்டைக்காரியின் சட்ஜம். ஆண் தன் வரியைப் பஞ்சமத்தில் கொண்டுபோய் விட்டால் அவள் அங்கே நின்று ஆரம்பித்துவிடலாம், சுருதியை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. வள்ளி திருமணம் நாடகத்தை ஒரு தடவை ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விடிய விடியப் பாருங்கள், ஒரு வருசப் பாடம் அதில் இருக்கிறது.

மெட்டு எங்கிருந்து வரும் என்றும் கேட்கிறார்கள். நமக்கு என்ன பஞ்சம்? சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் முப்பது வயசைத் தொடுவதற்குள் போய்விட்டார், கழுகுமலை முருகனுக்கு அவர் பாடிய காவடிச் சிந்தின் நடையை வைத்தே நான் நாலு நாடகத்தை ஓட்டியிருக்கிறேன். நடந்துகொண்டே பாடுவதற்கு அமைந்த சிந்து அது, அதனால் மேடையில் ஊர்வலம், படையெடுப்பு, கல்யாணம் எது வந்தாலும் உட்காரும். இந்தப் பக்கம் கோவில் கொடையில் மகுடம் இரண்டு, உச்சமும் மந்தமும். அந்தப் பக்கம் சர்ச் கொயரில் நாலு குரல் சேர்ந்து பாடுவது. பெத்லகேம் குறவஞ்சி எழுதிய வேதநாயக சாஸ்திரியார் 1774இல் திருநெல்வேலியில் பிறந்தவர்தானே, குறத்தியைக் கொண்டுவந்து பைபிள் கதை சொல்ல வைத்தவர் அவர். பாளையங்கோட்டையில் வளர்ந்த பிள்ளைக்கு உடுக்கையும் ஆர்கனும் இரண்டுமே காதில் இருக்கும். என் கோரஸ் பிள்ளைகள் முகாரியில் ஒப்பாரி பாடும்போது கீழே இரண்டு பேர் சட்ஜ பஞ்சமத்தைச் சும்மா பிடித்துக்கொண்டே நிற்பார்கள். கர்நாடக சங்கீத நண்பர் ஒருவர் இதைக் கேட்டு முகத்தைச் சுளித்தார். சுளிக்கட்டும்.

போட்ட மெட்டை எழுதி வைக்கணுமா? போனில் பதிவு செய்தால் போதாதா?

எழுதுங்கள். போன் தொலையும், மெமரி கார்டு போகும். எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் தன் வீட்டுப் பரம்பரைச் சொத்தாகக் காதில் இருந்த கீர்த்தனைகளை ஸ்வரம் போட்டு, கமகம் என்கிற ஸ்வர அசைவுக்கெல்லாம் குறியீடு உண்டாக்கி, 1904இல் அங்கேயே அச்சடித்து வெளியிட்டார். ஜமீன் ஆதரவு கொடுத்தது. முத்துசுவாமி தீட்சிதர் பாட்டு இன்று பாடப்படுவதற்கு அந்தப் புத்தகம் எவ்வளவு பெரிய காரணம் என்று எந்தச் சங்கீத வாத்தியாரிடமும் கேளுங்கள். நான் அந்த அளவுக்கெல்லாம் இல்லை, நாற்பது பக்க நோட்டில் ஸ்வரமும், எந்த அடியில் யார் எங்கே நிற்கிறார்கள் என்ற படமும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு வைப்பேன். பத்து வருசம் கழித்து அதே நாடகத்தை மறுபடி போடும்போது அந்தப் படம்தான் ஸ்வரத்தைவிட அதிகமாக உதவியது.

பழைய நாடகப் பாட்டை எடுத்துப் போட்டால் கேஸ் வருமா?

பாட்டு எழுதியவர் இறந்து 60 வருசம் கழிந்தால் இந்தியாவில் பதிப்புரிமை முடிந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் காலமானது 1922, தாராளமாகப் பாடலாம். சினிமாப் பாட்டு அப்படியில்லை. ஆசிரியர்களும் மாணவர்களும் நடத்தி, பெற்றோரும் பள்ளியோடு தொடர்புள்ளவர்களும் மட்டும் பார்க்கிற பள்ளி நிகழ்ச்சிக்குச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. டிக்கெட் போட்டு ஊரைக் கூப்பிட்டால் கணக்கு வேறு.

விடிய விடிய நாடகம் போடலாமா?

போடலாம், ஒலிபெருக்கிதான் ராத்திரி 10 மணிக்கு மேல் காலை 6 வரை கூடாது. திருவிழாவுக்கு அரசு 12 மணி வரை தளர்த்தலாம், அதுவும் வருசத்தில் 15 நாளுக்கு மேல் போகாமல். நான் இப்போதெல்லாம் இரண்டு மணி நேரத்தில் முடிக்கிற மாதிரித்தான் அமைக்கிறேன். மைக் இல்லாமல் பாட முடியாத பிள்ளையை மேடைக்கு அனுப்புவதும் இல்லை.

ஆண்டு விழாவுக்கு டிராக் போட்டு வாயசைத்தால் என்ன? நன்றாகத்தானே இருக்கிறது?

கரண்ட் இருக்கிற வரை நன்றாக இருக்கும். ஒரு பள்ளியில் நாடகம் பாதியில் இருக்கும்போது கரண்ட் போய், ஜெனரேட்டர்காரர் சாப்பிடப் போயிருந்தார். கீபோர்டு செத்தது, மைக் செத்தது. கோரஸில் நின்ற ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று தொடையில் தாளம் தட்டி அடுத்த வரியை எடுத்தாள். அறுபது பேரும் பிடித்துக்கொண்டார்கள். செல்போன் டார்ச் வெளிச்சத்தில் மீதி நாடகம் நடந்தது. டிராக்குக்கு வாயசைத்திருந்தால் அன்று எல்லோரும் பஸ் ஏறியிருப்பார்கள்.

வருமானம் எப்படி? மறைக்காமல் சொல்லுங்கள்.

பள்ளிச் சம்பளம் அரிசி பருப்புக்கு, சாயங்கால வகுப்பு பிள்ளைகள் படிப்புக்கு, நாடகத்தில் வருவது நாடகத்துக்கே போய்விடும். மெட்டுக்கு என்று தனியாக யாரும் பணம் தர மாட்டார்கள், 'நாலு வரிப் பாட்டுதானே சார்' என்பார்கள். நூற்று நாற்பது பிள்ளைகளை வைத்துப் பன்னிரண்டே நாளில் ஒரு நாடகம் போட்டுக் கொடுத்ததற்கு ஒரு பொன்னாடையும் ஒரு கடிகாரமும் கிடைத்தது. பேசிய தொகைக்கு ஆறு மாசம் நடந்தேன். எந்தப் பள்ளி என்று சொல்ல மாட்டேன், கடிகாரம் இன்னும் ஓடுகிறது. அதிலிருந்து பாதிப் பணம் முன்னாடி வாங்காமல் ஒத்திகையைத் தொடுவதில்லை. வாயால் பேசியதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: எத்தனை பாட்டு, எத்தனை ஒத்திகை, சாப்பாடு யார் செலவு, வேஷ உடை யார் செலவு.

சாம்பவர் வடகரையில் 1859இல் பிறந்த ஆபிரகாம் பண்டிதரைப் பாருங்கள். வாத்தியார் வேலை பார்த்தார், தஞ்சாவூருக்குப் போய்ச் சித்த மருந்து விற்றுச் சம்பாதித்தார், அந்தக் காசில் 1912 முதல் இசை மாநாடுகள் கூட்டினார், 1917இல் கருணாமிர்த சாகரம் என்ற அவ்வளவு பெரிய ஆராய்ச்சி நூலைக் கொண்டுவந்தார். சங்கீதம் அவருக்குச் சோறு போடவில்லை, அவர்தான் சங்கீதத்துக்குச் சோறு போட்டார். உங்களுக்கும் கையில் வேறொரு தொழில் இருந்தால் வெட்கப்படாதீர்கள். என் வீட்டம்மா தையல் மெஷின் இல்லையென்றால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

இதற்கெல்லாம் சென்னைக்குப் போய்விடலாமே?

போனேன், ஒன்றே கால் வருசம். ஸ்டுடியோ வாசலில் நின்ற நேரம் அதிகம், வாசித்த நேரம் கம்மி. போகிறவர்களைத் தடுக்க மாட்டேன். ஆனால் ஊரில் இருந்தால் ஒன்றும் நடக்காது என்பதை ஒத்துக்கொள்ள முடியாது. சே. ராமானுஜத்தைச் சொன்னேனே, 1977இல் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பட்டறையில் பெரிய பங்கு அவருக்கு, தஞ்சாவூரில் பேராசிரியராக இருந்தார். அப்படிப்பட்டவர் 1999இல் நடனக் கலைஞர் அனிதா ரத்னத்தோடு சேர்ந்து திருக்குறுங்குடிக்கு வந்து கைசிக நாடகத்தை மீட்டெடுத்தார். கார்த்திகை மாத வளர்பிறை ஏகாதசி ராத்திரி, நம்பி கோவிலுக்குள் நடக்கும். நம்பாடுவான் என்ற பாணன் பெருமாளைப் பாடப் போகும் வழியில் பிரம்மராட்சசன் பிடித்துக்கொள்கிறான். பாடிவிட்டு வருகிறேன், அப்புறம் தின்னு என்று சொல்லிவிட்டுப் போகிறான், பாடுகிறான், சொன்னபடியே திரும்பியும் வருகிறான். கைசிகப் பண்ணில் பாடிய பாட்டின் பலன்தான் கடைசியில் ராட்சசனுக்கும் விமோசனம். பாட்டையே கதையாக வைத்த நாடகம் இது, அதுவும் நம்ம பஸ் போகிற தூரத்தில். கோவில்பட்டியில் ச. முருகபூபதி மணல்மகுடி என்று குழு வைத்து நாடகம் போடுகிறார், அதையும் பாருங்கள். எனக்கு அதில் எல்லாமே புரிந்தது என்று சொல்ல மாட்டேன், சத்தத்தை அவர்கள் பயன்படுத்துகிற விதத்துக்காகவே போவேன்.

பெண் பிள்ளையை நாடகத்துக்கு அனுப்பலாமா, ஊர் என்ன சொல்லும்?

ஒரு காலத்தில் பையன்களுக்குச் சேலை கட்டி வள்ளி வேஷம் போட்டார்கள். இப்போது என் குழுவில் சுடலைமாடன் வேஷம் போடுவது ஒரு நர்ஸ். ஊர் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தது. ஒத்திகை எட்டு மணிக்கு முடியும், வீடு வரை கொண்டுவந்து விடும் பொறுப்பு என்னுடையது.

உங்களிடம் சேர என்ன செய்யணும்?

சாயங்காலம் ஐந்தரைக்கு வாருங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டும் பென்சிலும் கொண்டுவாருங்கள். பேனா வேண்டாம், ஸ்வரத்தை அழித்து எழுத வேண்டி வரும். முதல் மாசம் பாட விட மாட்டேன், மற்றவர்கள் பாடுவதைக் கேட்டுத் தாளம் மட்டும் போட வேண்டும். இந்த வாரம் மட்டும் வர வேண்டாம், ஆர்மோனியத்தில் இரண்டு ரீட் போய்விட்டது, மழைக்கு முன்னாடி அதைச் சரிபண்ணக் கொடுத்திருக்கிறேன், கடைக்காரர் வியாழக்கிழமை தருகிறேன் என்கிறார். அவர் எந்த வியாழக்கிழமை என்று சொல்லவில்லை, போன் பண்ணிவிட்டு வாருங்கள்.